சுவரொட்டியில் இருந்த பாறை

மார்ச் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடத்திற்கு வனக்காவலர் தொலைபேசியில் அழைத்தார். அப்போது தாவரவியல் நிறுவனத்தின் ஓவியப் பிரிவில் இருவர் இருந்தோம்: படங்களைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் நானும், ஓவியனாகிய என் தம்பியும். மேற்குச் சரிவில், ஒரே ஒரு பாறையைச் சுற்றி நாற்பத்தெட்டுச் செடிகள் உள்ளன. அந்த இனம் வேறெங்கும் காணப்படவில்லை. எங்கள் பதிவேடு கூறியது இது. அவற்றுள் நாற்பத்தொன்றைக் காணவில்லை என்றார் காவலர்.

"பிடுங்கலைம்மா, தோண்டியிருக்காங்க. கிழங்கோட, மண்ணோட. கரண்டியால எடுத்த மாதிரி வட்ட வட்டமா குழி."

காகிதம் விரியும் ஓசை கேட்டது.

"நம்ம சுவரொட்டி ஒண்ணும் இங்க கிடக்கு. நாலா மடிச்சு வச்சிருக்காங்க. பாறையைச் சுத்திப் பேனாவால வட்டம் போட்டிருக்கு."

தொலைபேசியை வைத்தேன். தம்பி தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தான். அவனுக்கு வயது ஐம்பத்தாறு. நான் தம்பி என்று அழைப்பதால் அலுவலகம் முழுவதும் அவன் 'தம்பி சார்'தான். செய்தியைச் சொன்னேன். அவன் தூரிகையை மீண்டும் நீரில் நனைத்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அந்தச் செடி ஒரு சாண் உயரம்கூட வளராத நில ஆர்க்கிட். பூ விரல் நகத்தளவு, வெண்மை, உட்புறத்தில் மட்டும் கருஞ்சிவப்புக் கோடுகள். மணம் கிடையாது. இதழ்கள் முழுமையாகத் திறப்பதுமில்லை. ஆகவே காவலர் அதற்கு 'ஊமைச்சி' என்று பெயரிட்டார். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்குவாரி நிறுவனம் அந்தச் சரிவை உடைக்க அனுமதி கேட்டது. ஊமைச்சியை ஊர்மக்கள் எவரும் கண்டதில்லை. கண்டிராத ஒன்றுக்காக எவரும் வாதாட மாட்டார்கள். அதற்காகவே சுவரொட்டி அச்சிட்டோம். பள்ளிகளிலும் பேருந்து நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் அது ஒட்டப்பட்டது. பதினோராயிரம் பேர் மனுவில் கையெழுத்திட்டார்கள். குவாரியின் விண்ணப்பம் தள்ளுபடியானது. ஒரு படம் செய்யக்கூடிய வேலையை அந்தப் படம் செய்தது.

அந்தப் படம் உருவான முறையையும் சொல்ல வேண்டும்.

தம்பி முதலில் வெற்றுத்தாளில் செடியை மட்டும் வரைந்தான். சுவரொட்டிக்கு அது வறட்சியாக இருந்தது. பின்னர் மனம்போன போக்கில் ஒரு பாறையைச் சேர்த்தான். அழகான பாறை, அப்படி ஒன்று அந்தச் சரிவில் இல்லை. பிரிவின் விதி ஒன்றே: நேரில் காணாதது தாளில் இருக்கக் கூடாது. தாளைத் திருப்பி, பின்புறத்தில் சிவப்புப் பென்சிலால் எழுதினேன்: 'பாறை பொய். நேரில் பார்த்துத் திருத்துக.'

"நாம காப்பாத்தப் போறது செடியையா, பாறையையா அக்கா?" என்று கேட்டான்.

"பாறை இல்லாம அது எங்க நிக்குது? அந்தரத்திலயா?"

"சரி. பாறைகிட்டயும் கையெழுத்து வாங்கிட்டு வரேன்."

"வாங்கிட்டு வா. தேதியோட."

அவன் அதே தாளை எடுத்துச் சென்று, பென்சில் கோட்டில் இருந்த அந்தப் பாறையை அழித்துவிட்டு, நான்கு நாள் ஒரே இடத்தில் முக்காலி போட்டு அமர்ந்து வரைந்து வந்தான். பாறையின் இடத்தோளில் தொடங்கி மூன்றாகப் பிரியும் விரிசல். அதன் கீழே துருநிற நீர்க்கறை. பின்னால் உயரம் ஒவ்வாத இரண்டு சிகரங்கள், அவற்றின் இடைவெளி. அனைத்தையும் புகைப்படங்களுடன் அளவுகோல் வைத்து ஒப்பிட்டேன். ஒரு பிழையும் இல்லை. கையெழுத்திட்டேன்.

செவ்வாய்க்கிழமை மாலை வீட்டில் மூவரும் சாப்பிட அமர்ந்தோம். தம்பியின் மனைவி தபால் நிலையத்தில் முப்பதாண்டு ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவள். நடந்ததை முழுவதும் கேட்டுவிட்டுத் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

"செடியை வரைஞ்சீங்க, சரி. அக்காவும் தம்பியுமா சேர்ந்து அதுக்கு விலாசமும் எழுதிக் கொடுத்துட்டீங்களே, அண்ணி."

தம்பி சாப்பிடாமல் எழுந்தான்.

மறுநாள் காவலருடன் மலையேறினோம். ஜீப் நின்ற இடத்திலிருந்து இரண்டு மணி நேர நடை. குழிகள் காவலர் சொன்னவாறே இருந்தன. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், ஓரங்கள் சிதையாதவை. அரிய செடிகளைத் தோண்டி விற்கும் கைதேர்ந்தவர்களின் வேலை. தம்பி, தான் முக்காலி போட்ட இடத்தைத் தேடிச் சென்று நின்றான். பிறகு குனிந்து பார்த்தான். அங்கே புல் மிதிபட்டு மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. அந்த ஓர் இடத்தில் நின்றால்தான் இரு சிகரங்களும் படத்தில் உள்ளவாறு விரிசலுக்கு நேராக வரும். வந்தவர்கள் சுவரொட்டியைக் கையில் பிடித்து, முன்னும் பின்னும் நகர்ந்து, அவன் அமர்ந்த இடத்தையே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அவன் சுவரொட்டியை விரித்துப் பாறைக்கு நேராகப் பிடித்தான்.

"பொருந்துது அக்கா," என்றான். "எல்லாமே பொருந்துது."

எஞ்சிய ஏழு செடிகள் பாறையின் பின்புறம் இருந்தன. அந்த ஆண்டு அவை பூக்கவில்லை. பூவற்ற ஊமைச்சி பார்ப்பதற்கு வெறும் புல். எங்கள் படத்தில் பூத்த செடி மட்டுமே இருந்தது. ஆகவே பூக்காதவை தப்பின.

"இது ஏழும் கெட்டிக்காரிங்க," என்றார் காவலர். "வாயும் திறக்கல, முகமும் காட்டல."

எவரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்துக் குவாரி நிறுவனத்தின் கடிதம் வந்தது. எந்தச் செடியைக் காரணம் காட்டி அனுமதி மறுக்கப்பட்டதோ அந்தச் செடி இப்போது அங்கு இல்லை என்று அறிவதாகவும், விண்ணப்பத்தை மறுபடியும் பரிசீலிக்க வேண்டுமென்றும் அதில் இருந்தது. விசாரணை அதிகாரி ஏப்ரல் ஒன்பதாம் தேதிக்கு நாள் குறித்தார். செடி இருக்கிறது என்று காட்டாவிட்டால் பாறை போகும். காட்டினால் செடி போகும்.

ஏப்ரல் முதல் தேதி எங்கள் இயக்குநர் தம் அறையில் கூட்டம் வைத்தார். அவருடன் காவலர், தம்பி, நான்.

"மக்கள் கொதிச்சுப் போயிருக்காங்க மேடம். இதுதான் சமயம்," என்றார் இயக்குநர். "மிச்சம் இருக்கிற ஏழு செடியையும் வரைஞ்சு புதுச் சுவரொட்டி போடுவோம். போன தடவை பதினோராயிரம் கையெழுத்து. இந்தத் தடவை லட்சம் வரும்."

"லட்சத்துல எத்தனை பேர் மண்வெட்டியோட வருவாங்க, சார்?" என்றான் தம்பி.

"படம் போடாம எப்படிக் காப்பாத்துறது? நீங்களே வழி சொல்லுங்க, தம்பி சார்." இயக்குநர் பழைய ஓவியத்தின் மூலத்தாளை மேசையில் விரித்தார். "அது இருக்கட்டும். மேலிடத்துக்கு நான் பதில் எழுதணும். பாறையை அச்சு அசலா போட்டது யார் முடிவு?"

"நான்தான் சார். வரைஞ்ச கை என்னோடது."

அவனுக்கு ஓய்வுபெற இரண்டு ஆண்டு இருந்தது. எனக்கு ஓய்வு வயது கடந்துவிட்டது. என் பணி ஆண்டுதோறும் நீட்டிக்கப்படுவது. இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்துத்தான் எழுந்தேன் என்று கூற முடியாது. தாளைத் திருப்பி வைத்தேன். சிவப்பு எழுத்து மங்காமல் இருந்தது. இயக்குநர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை இப்போ நீங்க காட்டணும்னு அவசியம் இல்லையே, மேடம்."

"தாளுக்கு ரெண்டு பக்கம், சார். பதிவேட்டில ஒண்ணை மட்டும் சேர்க்க முடியாது."

தம்பி என்னைப் பார்க்கவில்லை. காவலர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அந்த அதிகாரியை நான் மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்றார். "அவர் கண்ணால பார்க்கட்டும். ஊருக்கெல்லாம் எதுக்குக் காட்டணும்?"

அன்று மாலை நான்கு மணிக்குள் முடிவானவை இவை. சுவரொட்டிகள் எல்லா இடங்களிலிருந்தும் அகற்றப்படும். அச்சுப் பிரதிகள் அழிக்கப்படும். ஊமைச்சிக்குப் புதிய சுவரொட்டி கிடையாது. எஞ்சிய ஏழு செடிகளையும், பூவின்றி, இடத்தின் அடையாளமின்றி, தம்பி ஒரே தாளில் வரைவான். அது முத்திரையிட்ட உறையில் விசாரணை அதிகாரியிடம் மட்டும் கொடுக்கப்படும். காவலர் அவரை நேரில் அழைத்துச் செல்வார். இடத்தின் விவரம் இருக்கும் பேழைக்கு இரண்டு சாவிகள்: ஒன்று இயக்குநரிடம், மற்றொன்று காவலரிடம். அந்த ஏழும் பூக்கும் நாட்களில் காவலர் பாறையருகே கூடாரமிட்டுத் தங்குவார். என் பணி அம்மாத இறுதிக்குமேல் நீட்டிக்கப்படாது; அதுவரை எந்தப் படத்திலும் நான் கையெழுத்திடக் கூடாது.

ஏழு செடிகளின் படத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவர் காவலர்.