பாலிசி அக்காவுக்கு வந்த வேலை

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் தலையில் உதிக்கவில்லை. ஒருவர் என் கையில் திணித்துவிட்டுப் போனது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இன்சூரன்ஸ் போட்டுவிட்ட ஏஜென்டை எல்லோரும் பாலிசி அக்கா என்போம். நேற்று வந்தவர் உள்ளேகூட வராமல் வாசலில் நின்றபடியே போனை நீட்டினார். திரையில் ஒரு வேலை அழைப்பு. வேறொரு இன்சூரன்ஸ் கம்பெனியில் மேனேஜர் பதவி, மாதச் சம்பளம், தனியாக ஒரு கண்ணாடி அறை, கீழே வேலை பார்க்க ஏஜென்டுகள். காலையில் அந்த ஆபீஸுக்குப் போய்வந்த கதையையும் நின்றபடியே முழுசாகச் சொல்லி முடித்தார்.

"பொய் எழுதறதுதானே தம்பி உங்க பொழப்பு? இதுல எது பொய்னு பார்த்துச் சொல்லுங்க."

"படிச்சுப் பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்க்கா."

அந்த நாளை இன்றுதான். இன்று சாயங்காலத்துக்குள் அவர் முடிவு சொல்லாவிட்டால் பதவி வேறு ஆளுக்குப் போய்விடுமாம். போனை எடுத்துப் பேச வேண்டிய நான் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்ன ஜன்மமோ!

2

முதலில் எழுதிய தொடக்கம்: "காலை வெயில் ஜன்னல் வழியே அவர் முகத்தில்..."

வேண்டாம். இன்சூரன்ஸ் ஏஜென்டை வெயில் ஜன்னல் வழியாகவெல்லாம் வந்து பார்க்காது, நடுரோட்டில் நிற்க வைத்துத்தான் பார்க்கும்.

அடுத்தது: "அந்த ஆபீஸின் பெயர்ப்பலகை காகிதத்தில் அச்சடித்து ஒட்டியதாக இருந்தது." இதையும் அடித்துவிட்டேன். ஏமாற்றுக்காரர்களின் பலகை கோணலாகத் தொங்குவது என்னைப் போன்றவர்கள் எழுதும் கதைகளில்தான். அக்கா போன இடத்தில் பலகை பளபளவென்று இருந்தது. ஏசி குளுகுளுவென்றிருந்தது. உட்கார்ந்ததும் தண்ணீர் வந்தது, அதுவும் கண்ணாடி டம்ளரில், கீழே ஒரு தட்டோடு.

அந்தத் தட்டையே அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை வீட்டு வாசலில் நின்றிருக்கிறார்! "இப்ப நேரமில்லைங்க" என்று முகத்துக்கு நேராகக் கதவு சாத்தியவர்கள் எத்தனை பேர். உட்காரச் சொன்ன வீடுகளிலும் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்து பழக்கம். இங்கே முதுகு சாய்த்து உட்காரலாம் போலிருந்தது. சாய்ந்தார்.

எதிரே டை கட்டிய ஒருவர். (இவருக்குப் பெயர் வைக்க மாட்டேன். பெயர் வைத்தால் அந்தப் பெயருள்ள நல்ல மனிதர் யாராவது சண்டைக்கு வருவார். டைக்காரர் என்றே இருக்கட்டும்.)

"மேடம், உங்களை மாதிரி ஒருத்தங்க இன்னும் படியேறி இறங்கிட்டு இருக்கறதைப் பார்த்தா எனக்கே மனசு கேக்கலை. ஒண்ணாம் தேதி சேர்றீங்களா, இல்ல மாச நடுவுலயே சேர்ந்துடறீங்களா?"

சொல்லிவிட்டுப் பேனாவின் மூடியைக் கழற்றி, அக்காவின் கைப்பக்கமாகத் திருப்பி வைத்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

இங்கே நான் கொஞ்சம் நிறுத்தியாக வேண்டும். அந்த மூன்றும் அக்காவின் சொந்த வித்தைகள். சேர்கிறீர்களா என்று கேட்கக் கூடாது, எப்போது என்றுதான் கேட்க வேண்டும். பேனாவை மூடியோடு கொடுக்கக் கூடாது, மூடியைத் திறக்கிற நேரத்தில் ஆளுக்கு யோசனை வந்துவிடும். கடைசியாக, சொன்னதும் மௌனம். முதலில் வாய் திறப்பவர்தான் தோற்றவர். புதிதாக வரும் ஏஜென்டுகளுக்கு அக்காவே இதையெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

அப்படியென்றால் உஷாராகியிருக்க வேண்டாமா? அங்கேதான் கோட்டை விட்டார். நீங்களும் நானும் என்றால் பயந்திருப்போம். அக்காவோ ரசித்தார். "அடடா, என்னமா பண்றாரு மனுஷன்!" என்று உள்ளுக்குள் கைதட்டினார். இவ்வளவு தெரிந்தவர் பெரிய கம்பெனி ஆளாகத்தான் இருப்பார் என்று நம்பிவிட்டார்.

"நடுவுலயே சேர்ந்துடறேன் சார்" என்று முதலில் வாய் திறந்தது அக்காதான்.

3

நிபந்தனைகள் அதற்குப் பிறகுதான் வந்தன. ஒவ்வொன்றும் சிரித்த முகத்தோடு வந்தது.

இப்போதிருக்கும் கம்பெனிக்கு முதலில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வேலை உத்தரவு பின்னால் வரும். (இந்த வரிசையைக் கவனியுங்கள். கையில் இருப்பதை விட்ட பிறகுதான் வரப்போவது வருமாம். அக்கா ராஜினாமா செய்தால், பழைய பாலிசிகளுக்கு வருஷாவருஷம் வரும் கமிஷனும் கேள்விக்குறிதான்.)

"மெயின் ஆபீஸ் நம்பர் ஒண்ணு கொடுங்க சார்" என்று அக்கா கேட்டதற்கு, டைக்காரர் தன்னுடைய இன்னொரு செல் நம்பரைக் கொடுத்தார். (இது சுத்த மோசம். அந்தக் கம்பெனியின் எந்தப் பாலிசியைத் திருப்பிப் பார்த்தாலும் ஆபீஸ் நம்பர் இருக்கும். இப்படியொருவர் அங்கே வேலை பார்க்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், வேலை முடிந்தது. அக்கா ஏன் கேட்கவில்லை? இந்தக் கேள்வியை இங்கேயே விட்டுவிடுகிறேன், எனக்கும் பதில் தெரியவில்லை.)

கடைசி நிபந்தனைதான் விஷம்.

"மேலிடத்துக்கு உங்க திறமையைக் காட்டணும் மேடம். உங்க பழைய கஸ்டமர் ஒருத்தரோட மெடிக்கல் பாலிசியை நிறுத்திட்டு, நம்மகிட்ட புதுசா ஒண்ணு போட வைங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து வாங்கிட்டா ஆர்டர் கையில."

"நிறுத்தாம அப்படியே உங்க கம்பெனிக்கு மாத்திக்கலாமே சார். பழைய வருஷமெல்லாம் கணக்குல வருமே?"

"மாத்தறதெல்லாம் வேணாம் மேடம். புதுக் கணக்குதான் வேணும்."

சாய்ந்திருந்த அக்கா பதறி நிமிர்ந்தார். ஏனென்று தெரியாத தொழிலா அவருக்கு? பழையதை நிறுத்திவிட்டுப் புதிதாகப் போட்டால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை ஆஸ்பத்திரிக்குப் போனால் கைக்காசுதான், காசில்லாதவர் போகவே முடியாது.

4

இந்த இடத்தில் கதைக்கு ஒரு கஸ்டமர் வேண்டும். நான் ஒரு தையல்காரரை உண்டாக்கினேன். நெஞ்சில் ஆபரேஷன் ஆனவர். ஆஸ்பத்திரியில் அக்கா கூடவே நின்று சண்டை போட்டு கிளெய்ம் வாங்கிக்கொடுத்ததால், அக்கா விரல் வைத்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுபவர்.

எழுதி முடித்ததும் எனக்கே சந்தேகம். துணியை வெட்டும் முன் மறுபடி மறுபடி அளந்து பார்க்கிற ஆள், படிக்காமல் கையெழுத்துப் போடுவாரா? சரி, ஆளை மாற்றலாம். "தையல்காரர் மகா கெட்டிக்காரர், கண்ணாடியைத் தேடி எடுத்து ஒவ்வொரு வரியாக..."

அது நடக்காது. நெஞ்சு வலித்த நேரத்தில் கூட நின்றவர் நீட்டும் காகிதத்தை யாரும் கண்ணாடி போட்டுப் படிப்பதில்லை. ஆபரேஷனை எடுத்துவிட்டு ஆளை ஆரோக்கியமாக்கலாம் என்றும் பார்த்தேன். அப்படிச் செய்தால் அக்கா பதறி நிமிர வேண்டிய அவசியமே இல்லை, கதையும் இல்லை. ஆகவே தையல்காரர் நோயோடுதான் இருந்தாக வேண்டும். மன்னியுங்கள் அண்ணே.

5

முடிவுகள்.

அ) அக்கா கம்பெனிக்குப் போன் செய்கிறார். அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்கிறார்கள். டைக்காரர் அறையைக் காலி செய்துவிட்டு ஓட்டம். அக்கா தையல்காரரிடம் போய்ச் சிரிக்கிறார். இதை எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். யார் காதில் பூ சுற்றுகிறேன்?

ஆ) அக்கா கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார். டைக்காரர் நிஜம். கம்பெனியும் நிஜம். கண்ணாடி அறையில் அக்கா முதுகு சாய்த்து உட்கார்கிறார், தட்டோடு தண்ணீர் வருகிறது. பிறகொரு நாள் தையல்காரருக்கு மறுபடி நெஞ்சு வலிக்கிறது.

இதை எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நேரமும் வேலை பொய்யா நிஜமா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிஜமாக இருந்தாலும் அது நாசமாய்ப் போன வேலைதான். இதை அக்காவிடம் உடனே சொல்ல வேண்டும்.

இ) போனை எடுக்கிறேன். நான் அழைப்பதற்குள் அதுவே அடிக்கிறது.

6

"என்ன தம்பி, ஆளையே காணோம்?"

"அக்கா, நானே கூப்பிடலாம்னு... எங்க இருக்கீங்க?"

"நம்ம சலூன்ல. அவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்க வேண்டியிருக்கு."

எங்கள் தெரு சலூன்காரருக்குப் போன வருஷம்தான் நெஞ்சில் ஆபரேஷன் ஆனது. அது எனக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். நானோ எல்லாவற்றையும் நானே உண்டாக்கியதாக நினைத்துத் தையல்காரர் என்று எழுதிவைத்திருக்கிறேன்.

"அவரோட பழைய பாலிசியை நிறுத்தப் போறீங்களா?"

பின்னால் கத்தரிச் சத்தம் கேட்டது.

"அக்கா, அந்தக் கம்பெனி ஆபீஸுக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்க. அந்த ஆளு அங்க இருக்காரான்னு."

"அது எனக்குத் தெரியாதா தம்பி? இத்தனை வருஷம் என்ன புல்லு புடுங்கிட்டா இருந்தேன்?"

"அப்புறம் ஏன் என்கிட்ட வந்தீங்க?"

அக்காவின் குரல் உடைந்திருந்தது.

"கேட்டா இல்லைன்னு சொல்லிடுவாங்க தம்பி. உண்மைன்னு யாராவது ஒருத்தர் சொல்லிட மாட்டாங்களான்னுதான் உங்ககிட்ட வந்தேன். என் பேரைப் போட்டு ஒரு கதவு. வாழ்க்கையில ஒரு தடவை. அது தப்பா?"

"தப்பில்லைக்கா. ஆனா அவருக்கு..."

"எனக்குத் தெரியும்! சொல்லாதீங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. போடச் சொல்லவா, வேணாமா?"

கத்தரிச் சத்தம் நின்றது. சலூன்காரரின் குரல் தூரத்திலிருந்து கேட்டது.

"எங்க போடணும்க்கா? இருங்க, கையெல்லாம் முடி. கழுவிட்டு வந்துடறேன்."

தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தம்.

7

நான் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதலாம். தையல்காரரை நோயாளியாக்கினேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சலூனில் போடப்போகும் கையெழுத்தை என்னால் அடிக்க முடியாது. "வேண்டாம்" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். மறுபடி மூடிக்கொண்டேன், ஏனென்றால் அக்கா அழுதுகொண்டிருக்கிறார். அந்த ஒரு சொல்லால் அவருடைய கதவை நானே சாத்திவிடுவேன், இத்தனை நாள் எல்லோரும் சாத்தியது போல.

அதனால் முடிவு எழுதப் போவதில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு, இதோ, நம் இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டேன். இவ்வளவு நேரம் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அக்காவின் நாற்காலியும் தெரியும், அந்த மனிதரின் நெஞ்சும் தெரியும்.

குழாயை மூடிவிட்டார். நடந்து வருகிறார்.

அக்கா கேட்கிறார், "லைன்ல இருக்கீங்களா?"

என்னைப் பார்க்காதீர்கள். உங்களைத்தான் கேட்கிறார்.