இரண்டு மணிக் கட்டம்

சகலரும் அறியவேண்டியது யாதெனில், மூன்று மாடிகளும் இரண்டு லிஃப்டுகளும் (ஓடுவது ஒன்று) கொண்ட அந்த மருத்துவமனையில், நோயாளிகளின் பாதுகாப்பு சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதி காலை பதினொன்றே கால் மணிக்கு முழுமையாக நிலைநாட்டப்பட்டது. நிலைநாட்டிய முறை மிக எளிது. இரண்டாம் மாடி வார்டில் பதினோரு வருடமாக வேலை பார்த்த நர்சிங் உதவியாளர் ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கூட வேலை பார்த்தவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் கடிகாரம். எழுந்து உட்கார முடியாத நோயாளிகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்: இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம். புரட்டாவிட்டால் முதுகு சிவக்கும், கறுக்கும், பிறகு புண்ணாகும். புரட்டியதற்கு அத்தாட்சியாகக் கட்டிலின் கால்மாட்டில் ஓர் அட்டை தொங்கும். காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை ஏழு கட்டம், ஏழு கையெழுத்து. கடிகாரம் முதலில் ஆளைப் புரட்டுவாள், அப்புறம் கையெழுத்துப் போடுவாள். வார்டில் இந்த வரிசையைக் கடைப்பிடித்தவள் அவள் ஒருத்திதான்.

மற்றவர்கள் நாகரிகமானவர்கள். அவளுடைய ஜோடி உதவியாளருக்கு முன்பதிவு என்று பெயர். காலை எட்டு மணிக்கு டீயைக் கையில் பிடித்துக்கொண்டே இரவு எட்டு மணி வரைக்குமான கட்டங்களை அவள் நிரப்பிவிடுவாள். "பின்னாடி நேரம் கிடைக்காதுடி" என்பாள். உண்மைதான், கிடைக்காது.

அந்த மருத்துவமனைக்குத் தரச் சான்றிதழ் கொடுக்கும் விழா நடந்த நாளன்று வார்டில் இருந்த உதவியாளர்களையெல்லாம் நாற்காலி போடவும் வரிசையாக நின்று சிரிக்கவும் கீழே கூட்டிப்போனார்கள். இருபத்திரண்டு நோயாளிகளுக்குக் கடிகாரம் ஒருத்தி. குருவி தலையில் பனங்காய். ஏழாம் கட்டிலில் பக்கவாதம் வந்த பெரியவர், ஓய்வுபெற்ற சர்வேயர், கனத்த உடம்பு. அவரைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும். இரண்டு மணிக்கு ஆள் கேட்டுக் கீழே போன் செய்தாள். "இப்பத்தான் குத்துவிளக்குப் பக்கம் போறாங்க, வை போனை" என்றார்கள். அவள் கட்டத்தைக் காலியாக விட்டாள். அதோடு நிற்காமல் அட்டையின் அடியில் எழுதியும் வைத்தாள்: "இரண்டு மணிக்குத் திருப்பவில்லை. ஆள் இல்லை. எல்லோரும் விழாவில்."

பத்து நாள் கழித்து டைல்ஸ் கடை வைத்திருக்கும் பெரியவரின் மகன், மாதத்துக்கு ஒருமுறை வரும் பாசத்தோடு வந்து, அப்பாவின் இடுப்பில் புண்ணைப் பார்த்துக் கத்தினான். விசாரணைக் கமிட்டி உட்கார்ந்தது. நிர்வாக அதிகாரி, மேட்ரன், போனைவிட்டுக் கண்ணெடுக்காத ஒரு டாக்டர். முப்பது நாள் அட்டைகளைப் பரப்பி வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் நூற்றுக்கு நூறு. ஒரே ஒரு நாளில் ஒரே ஒரு காலிக் கட்டம்.

"ஆக, புண்ணு இங்கதான் வந்திருக்கு" என்றார் அதிகாரி, கட்டத்தின் மேல் விரலை வைத்து.

"சார், ஒரு நேரம் தவறினதுல இவ்வளவு பெரிய புண்ணு வராது. நான் இல்லாத நாள்ல யாரும் அவரைத் தொடவே இல்ல."

"அட்டையில அப்படி இல்லையேம்மா."

உள்ளதைச் சொன்னால் நொள்ளைக் கண்ணனுக்கு நோப்பாளம் என்பார்கள். இங்கே அந்தக் கோபம் வந்தவர்கள் மூன்று பேர், அவர்களிடம் லெட்டர்பேடும் இருந்தது. "அட்டையை நிரப்பத் தவறியதால்" என்று நீக்கல் கடிதத்தில் தெளிவாகவே போட்டிருந்தார்கள். நோயாளியைப் புரட்டத் தவறியதால் என்று போடாத அளவுக்கு அவர்களுக்கும் நேர்மை இருந்தது.

அனுபவச் சான்றிதழ் தரமாட்டோம் என்றார்கள். அது இல்லாமல் வேறெந்த மருத்துவமனையின் வாசல் காவலாளியும் அவளை உள்ளே விடமாட்டான். நான்கு இடம் ஏறி இறங்கினாள். நான்கு இடத்திலும் ஒரே கேள்வி: "பதினோரு வருஷம் பாத்தேங்கிறீங்க, பேப்பர் எங்க?"

வீட்டில் அவள் சும்மா இருக்கவில்லை. கைக்குப் பழக்கம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுப் படுத்த புருஷனை, அவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர், ஒரு கையைத் தோளிலும் ஒரு கையை இடுப்பிலும் வைத்து அப்படியே வலப்பக்கம் புரட்டிவிட்டாள்.

"ஏய்! என்னடி பண்ற?"

"ரெண்டு மணி ஆச்சு."

"நான் உசுரோடதான் இருக்கேன். என்னை விடு."

அவளுடைய நாத்தனார் இதைக் கேள்விப்பட்டு ஆறுதல் சொல்ல வந்தாள். வரும்போதே செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் ஆறுதலைத் தொடங்கிவிட்டாள்.

"ஏம்மா, ஒரு கையெழுத்து. காதுகுத்து மொய் நோட்டுல எழுதுற மாதிரி ஒரு கிறுக்கு. அதைப் போட்டிருந்தா இந்தக் கஷ்டம் உண்டா?"

"செய்யாததைச் செஞ்சதா எப்படி அண்ணி போடறது?"

"உலகமே போடுது. நீ மட்டும் என்ன, பொறந்தப்பவே சத்தியம் பண்ணிட்டா வந்தே?" தம்பி பக்கம் திரும்பினாள். "பொழைக்கத் தெரியாதவளைக் கட்டி வெச்சுட்டோம்டா தம்பி."

"நீதான்க்கா பாத்து வெச்சே" என்றார் வேன்காரர். ஆறுதல் நிகழ்ச்சி அத்துடன் நிறைவு பெற்றது.

நான்காவது வாரம் மேட்ரனிடமிருந்து போன். குரலில் சர்க்கரை. "காலையில வந்து பாரேன். நல்ல சேதிதான்."

இருந்த புடவையில் நல்லதைக் கட்டிக்கொண்டு போனாள். மேட்ரன் மீட்டிங்கில் இருந்தார். காத்திருக்கும் நேரத்தில் கால்கள் தாமாகவே இரண்டாம் மாடிக்குப் போயின. ஏழாம் கட்டில் பெரியவர் இன்னும் அங்கேயே இருந்தார். புண் ஆறாமல் கூட்டிப்போக மாட்டேன் என்று மகன் பிடிவாதம். மல்லாக்கக் கிடந்தார். புண்ணின் மேலேயே கிடந்தார். அட்டையைப் பார்த்தாள். மணி அப்போது பதினொன்று. அட்டையின்படி பெரியவர் மாலை நாலு மணிக்கு இடப்பக்கமும் ஆறு மணிக்கு வலப்பக்கமும் ஏற்கெனவே திரும்பியாகிவிட்டது.

"ஏய், நீ எப்படி உள்ள வந்தே?" முன்பதிவு ஓடிவந்தாள். "யாராவது பாத்தா எனக்குத்தான் ஆபத்து."

"அந்தப் பக்கம் துணியைப் பிடி."

"வேலையை விட்டுத் தூக்கியும் உனக்கு அதிகாரம் போகலையே" என்று முனகிக்கொண்டே பிடித்தாள். படுக்கைத் துணியோடு சேர்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று இழுத்துத் திருப்பினார்கள். கடிகாரம் முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை வைத்தாள். முதுகுக்கு இன்னொன்று. புண்ணைச் சுற்றித் தோல் நெருப்பாய்ச் சுட்டது.

பெரியவர் கண் திறந்தார். வாய் கோணி, வார்த்தை குழறி வந்தது. "எங்கம்மா போயிட்டே? லீவா?"

"ஆமாங்கய்யா. லீவு."

"ரொம்ப நாள் போட்டுட்டே."

அவள் போர்வையை இழுத்துவிட்டுவிட்டுக் கீழே இறங்கினாள்.

மேட்ரன் அறையில் நாற்காலி கொடுத்தார்கள். பதினோரு வருடத்தில் முதல் முறை. மேஜையில் இரண்டு காகிதம். ஒன்று, நாளையே வேலைக்கு வரலாம் என்ற உத்தரவு. இன்னொன்று, ஏழு கட்டமும் காலியாக, விழா நாளின் தேதி போட்ட ஒரு புது அட்டை.

"அந்த டைல்ஸ் கடைக்காரன் தரச் சான்றிதழ் கொடுத்தவங்களுக்கே புகார் எழுதிட்டான்" என்றார் மேட்ரன். "அடுத்த வாரம் வர்றாங்க. வந்தா நோயாளியையா பாப்பாங்க? அட்டையைத்தான் பாப்பாங்க. பழசுல நீ கதை எழுதி வெச்சிருக்கே. அதைக் கிழிச்சாச்சுன்னு வெச்சுக்கோ. இதுல ஏழு கையெழுத்துப் போட்டுடு."

"எதுக்கு என்னைத் தூக்கினீங்களோ, அதையே இப்ப போடணுமா மேடம்?"

"நிரப்பாததுக்குத்தானே தூக்கினோம்? நிரப்பு, சேத்துக்கறோம். இதுல என்ன முரண்பாடு?"

"நீங்களே போட்டுக்கலாமே."

"வருகைப் பதிவேட்டோட ஒத்துப் பாப்பாங்கம்மா. உன் கையெழுத்தை வேற ஆள் போட்டா வித்தியாசம் தெரிஞ்சுடாதா?" மேட்ரன் பேனாவின் மூடியைத் தாமே கழற்றி நீட்டினார். "பிள்ளைகுட்டிக்காரி. யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்தாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகள், ஏறிய நான்கு வாசல்கள், நாத்தனாரின் வாய் எல்லாம் வந்து போயின. பேனாவை வாங்கவும் செய்தாள். முதல் கட்டத்தில் முனையை வைத்தவள், "மேடம், மேல அவர் புண்ணு மேலயே படுத்துக்கிடந்தாரு, இப்ப நான்தான் திருப்பிட்டு வந்தேன். அட்டையில சாயந்தரம் ஆறு மணிக்குத் திரும்பிட்டாரு. இப்ப மணி பதினொண்ணரை" என்றாள்.

"அதை அப்புறம் பாத்துக்கலாம். நீ போடு."

அவள் பேனாவுக்கு மூடி போட்டு, உத்தரவுக் காகிதத்தின் மேல் வைத்தாள்.

"பதினோரு வருஷம் நான் தொட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன் மேடம். தொடாம ஒண்ணுகூடப் போட்டதில்ல. இனிமேலும் போடமாட்டேன். வேலை உங்ககிட்டயே இருக்கட்டும்."

எழுந்தாள். நாற்காலியைத் திரும்ப ஒழுங்காகத் தள்ளி வைத்தாள். வராந்தாவில் நிமிர்ந்து நடந்தாள். பெருக்குகிற அம்மா துடைப்பத்தை நிறுத்திவிட்டு அவளுக்கு வழிவிட்டாள். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியிலேயே இறங்கினாள். பத்து வருடம் இளமையானவள் மாதிரி இருந்தது அந்த நடை.

அவள் தெருவுக்கு வருவதற்குள் மேட்ரன் ஏழு கட்டத்திலும் அவளுடைய கையெழுத்தைப் போட்டு முடித்திருந்தார். அடுத்த வாரம் வந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.