வெட்டுக்கிளி தின்னாத பிள்ளை

கார்த்திகை மழையோடு வெட்டுக்கிளிகளும் வந்து இறங்கின. குழந்தைகள் காப்பகத்தின் பின்கட்டில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து அவற்றின் இறகையும் காலையும் கிள்ளிப் போட, சமையல்காரி சூசி வெங்காயமும் உப்பும் சேர்த்து வறுத்தாள். உகாண்டாவின் கம்பாலா நகர் முழுக்க அன்று அதே வாசனைதான்.

ஆறு வயது ஜாய் மட்டும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

"மகாராணிக்கு வேற சமைக்கணுமோ?" என்றாள் சூசி.

பிள்ளைகளை வளர்க்கும் நபோசா குனிந்து கேட்டாள். "ஏண்டி தங்கம், பிடிக்கலையா?"

"நாங்க தின்னக் கூடாதும்மா. அது எங்க குலம். அப்பா சொல்லியிருக்காரு."

இங்கே குலங்களுக்கு விலங்கு, பூச்சியின் பெயர் உண்டு; தன் குலத்து உயிரை யாரும் தின்ன மாட்டார்கள். நபோசா நிமிர்ந்தாள். பேருந்து நிலையத்தில் கண்டெடுத்த, யாருமற்ற பிள்ளை என்றுதான் இவளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஜாய் என்ற பெயரும் இங்கே வைத்ததுதான். இன்னும் மூன்று நாளில், வியாழக்கிழமை நீதிமன்றம் உத்தரவு போட்டால், கடல் கடந்த ஒரு தம்பதிக்குத் தத்து மகளாகிவிடுவாள். குலம் சொல்லிக்கொடுத்த ஒரு அப்பா இருந்தால், அவருக்குப் பின்னால் ஒரு கூட்டமே இருக்குமே!

நிர்வாகி செம்பத்யாவிடம் ஓடினாள்.

"அந்தக் குலத்துல லட்சம் பேர் இருப்பாங்க. ஒவ்வொருத்தர் வீட்டுக் கதவா தட்டச் சொல்றியா?"

"ரேடியோவுல ஒரு தடவை சொன்னாப் போதும் ஐயா."

"நல்ல இடம் கிடைச்சிருக்கு அவளுக்கு. உன் வேலையைப் பாரு. அது உனக்கு இருக்கணும்னா."

நல்ல இடம்தான். தத்தெடுக்க வந்திருந்த அந்த வெள்ளைக்காரப் பெண் ஜாய்க்குத் தலை பின்னக் கற்றுக்கொள்ளப் பட்ட பாட்டை நபோசாவே பார்த்திருக்கிறாள். பின்னல் கோணலாக வந்தது. ஆனால் அந்தக் கைகளில் அன்பு இருந்தது. அதனாலேயே அந்த மூன்று நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை நீதிபதியின் அறைக்குப் பிள்ளையைக் கூட்டிப் போனவளும் அவள்தான்.

"உறவுன்னு யாருமே இல்லையா?" நீதிபதி அம்மாள் கேட்டார்.

"தேடிப் பார்த்தாச்சு. யாரும் இல்லை," என்றார் செம்பத்யா.

நபோசா சட்டென்று மண்டியிட்டாள். "அம்மா, குழந்தையையே ஒரு வார்த்தை கேளுங்க. எந்தக் குலம்னு கேளுங்க."

செம்பத்யா பல்லைக் கடித்தார். நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பிள்ளையின் பக்கம் திரும்பினார். "சொல்லு கண்ணு. நீ யாரு?"

பிள்ளை நிமிர்ந்து நின்றாள். "நான் மிரெம்பே. முகலூலா மக. அவரு பாலிரோண்டா மகன். நாங்க வெட்டுக்கிளிக் குலம்." ஒரே மூச்சில் சொன்னாள். பிறகு குரல் இறங்கியது. "அப்பா செத்துட்டாரு. அத்தை சந்தைக்கு வாழைத்தார் கொண்டு வந்தாங்க. நான்தான் தொலைஞ்சுட்டேன்."

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"பேரு மட்டும்தான் கேட்டாங்க. சொன்னதுக்கு, இனிமே ஜாய்னு சொல்லுன்னாங்க."

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் அந்த வெள்ளைக்காரப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "அத்தை இருக்காங்கன்னு எங்ககிட்ட யாருமே சொல்லலையே," என்றாள் அழுகையினூடே.

வழக்கைத் தள்ளிவைத்து, வானொலியில் அறிவிக்கச் சொல்லி நீதிபதி உத்தரவிட்டார். வாசலிலேயே செம்பத்யா நபோசாவின் கணக்கைத் தீர்த்துவிட்டார். "நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

காப்பகத்துக்குத் திரும்பும் வழியில் மிரெம்பே அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை வருவாங்களாம்மா?"

வருவாள் என்று நபோசா வாக்குக் கொடுக்கவில்லை. "தேடுவாங்கடி தங்கம்," என்று மட்டும் சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து சூசி போன் செய்தாள். அத்தை வந்துவிட்டாளாம், தலையில் வாழைத்தாரோடு, கூடவே குலத்து ஆண்கள் இருவர். உறவு உண்மைதானா என்று விசாரிக்க அதிகாரியும் வந்திருக்கிறாராம்.

"புள்ள முதல்ல என் பின்னாடி ஒளிஞ்சுக்கிச்சு. அத்தைக்காரி அழைக்கவே இல்ல. தரையில உக்காந்து மூதாதையர் பேரை மேலேருந்து ஒவ்வொண்ணா சொன்னா. பாலிரோண்டாவுல நிறுத்தினா பாரு, முகலூலான்னு இது எடுத்துக் குடுத்துச்சு. அப்புறம் ஒரே ஓட்டம்!"

நபோசா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "பிள்ளை என்னைக் கேட்டாளா?"

"கேட்டாளே. நபோசா அம்மா எந்தக் குலம்னு கேட்டா. எனக்குத் தெரியலையே!"

இத்தனை மாதம் வளர்த்த பிள்ளைக்குத் தன் குலத்தைச் சொல்லத் தனக்குத் தோன்றவே இல்லை என்பது நபோசாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"குரங்குக் குலம்னு சொல்லு," என்றாள். "சிரிப்பா."