சூட்டோடு உரித்தது

பட்டறைக்கு வந்த கொஞ்ச நேரத்திலேயே பெரியவளின் இமையெல்லாம் வெள்ளைத் தூசி. மூளை முடக்குவாதம் வந்த குழந்தைகள் காலில் மாட்டும் பிளாஸ்டிக் காலிப்பரின் விளிம்புகளைக் கிரைண்டரில் தேய்த்து மழமழப்பாக்குவது அவள் வேலை. தேய்த்துத் தேய்த்து விரல் ரேகையே அழிந்துபோயிருந்தது.

அதற்கு வார் தைப்பவள் சின்னவள், அவள் ஓரகத்தி. வீட்டில்தான் மாமியார் அவளைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறாள் என்றால் பட்டறையிலும் அதே கதை. குழந்தைக்கு மாட்டிப் பார்க்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். குழந்தை முதல் அடி வைக்கும். தாய் அழுதுகொண்டே சின்னவளின் கையைப் பிடித்துக்கொள்வாள். கதவிடுக்கில் பார்க்கும் பெரியவளுக்கு வயிறு எரியும். குத்தாமல் தேய்த்துக் கொடுத்தவளை எந்தத் தாய்க்குத் தெரியும்?

அன்று முதலாளி இருவரையும் அழைத்தார். மேஜைமேல் ஒரு சின்னக் காலிப்பர், உள்ளே ரத்தக் கறை. பெரியவளைப் பார்த்துச் சொன்னார்:

"பிள்ளைக்குக் கணுக்கால்ல புண்ணு. இவ வாரை இறுக்கித் தைச்சிருக்கா. நீ பார்த்தேன்னு கையெழுத்துப் போடும்மா. இவளை அனுப்பிடறேன். மாட்டிப் பார்க்கிற வேலை இனி உனக்கு."

பெரியவளுக்கு உள்ளூர இனித்தது. பேனாவை வாங்கிக்கொண்டாள். பழக்கதோஷம், மற்றக் கை காலிப்பரின் விளிம்பைத் தடவியது. கணுக்கால் பக்கம் உள்வாங்கியிருந்தது. உருக்கிப் போர்த்திய பிளாஸ்டிக் ஒரு ராத்திரி முழுக்க, குழந்தையின் காலைப் போல வார்த்த பிளாஸ்டர் அச்சிலேயே ஆற வேண்டும். போன மாதத்திலிருந்து முதலாளி ஒரு மணி நேரத்தில் உரிக்கச் சொல்கிறார். சூட்டோடு உரித்தால் சுருங்கும்.

பேனாவைக் கீழே வைத்தாள்.

"வார் சரியாத்தான் இருக்கு சார். நீங்க அவசரப்படுத்தினதுல சுருங்கியிருக்கு."

"உனக்கும் இவளுக்கும் ஆகாதுன்னாங்களே?"

"ஆகாதுதான். இவளைக் கண்டாலே பத்திக்கிட்டு வரும். அதுக்காகப் பிள்ளை கால்ல வந்த புண்ணுக்குப் பொய் சொல்லணுமா?"

"அப்ப ரெண்டு பேரும் கிளம்புங்க!"

வாசலில் நின்ற, பிளாஸ்டிக்கை உருக்கும் அடுப்புக்காரர் தொண்டையைச் செருமினார். "என்னையும் சேர்த்துக்கங்க சார். உரிச்சது நான்தானே?" போய் அடுப்பை அணைத்தார். பிளாஸ்டிக்கை அளவுக்கு வெட்டுகிறவர்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள். "ராத்திரி முழுக்க ஆறினாத்தான் இனி வெட்டுவோம்."

"நாளைக்குப் பட்டறைக் கேட்டைத் திறக்க மாட்டேன்!"

"அப்ப கேட் வாசல்லயே இருப்போம்."

முதலாளி கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். பதினான்கு பிளாஸ்டர் கால்கள் நின்ற மேஜையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தார்கள். எல்லாரும் சின்னவளைத்தான் தேற்றினார்கள். வாயைத் திறந்தது நான், தேற்றுவது அவளையா என்று பெரியவளுக்கு மறுபடியும் எரிந்தது.

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த பிள்ளைக்கு மாட்டும்போது நீயும் வாக்கா."

"முதல்ல உள்ள விடறானான்னு பார்ப்போம். கொஞ்சம் நகரு" என்று பெரியவள் எழுந்து வந்து அவளை இடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.