கீர்த்தனாவின் கல்

கர்ப்பத்தில் ஏழாம் மாதம் தொடங்கியதிலிருந்து ஆர்த்தி ஒரு நிறுத்தம் முன்பே பேருந்தை விட்டு இறங்கி, வரப்பு வழியாக வீட்டுக்கு நடந்தாள். மாமியார் திரௌபதியின் உத்தரவு. வீட்டுக்கு எதிரே இருக்கும் நிறுத்தத்தில் இறங்கினால் கீர்த்தனாவின் கல்லைத் தாண்ட வேண்டும். வயிற்றுப்பிள்ளைக்காரி அதைத் தாண்டக் கூடாதாம். வரப்பில் வழுக்கி விழுந்தால் பரவாயில்லை போலிருக்கிறது.

கீர்த்தனா, ஆர்த்தியின் கணவன் வல்லரசுக்கு முதல் மனைவி. நிறைமாதத்தில், பிள்ளை இறங்காமலே போய்விட்டாள். அப்படிச் சுமந்தபடி செத்தவளுக்குச் சுமைதாங்கி வைப்பது வழக்கம். இரண்டு கல் நட்டு, நெஞ்சுயரத்தில் குறுக்கே ஒரு பலகைக்கல். வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி மூச்சு வாங்கினால், போனவளின் வயிற்றுப் பாரமும் கொஞ்சம் இறங்கும். கீழ்பென்னாத்தூர் சாலையோரம் வைத்தார்கள். ஆனால் இந்தக் காலத்தில் யார் தலையில் சுமக்கிறார்கள்? மல்லாட்டை மூட்டைகூட வேனில் போகிறது. குடிகாரர்கள் பிளாஸ்டிக் டம்ளர் வைக்க அந்தக் கல் உதவுகிறது, அவ்வளவுதான்.

அதனால் அவள் பாரம் இன்னும் இறங்கவில்லை என்று ஆர்த்தி நம்பினாள். பி.காம் படித்தவள் நம்புகிற விஷயமா என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். ஆனால் கீர்த்தனா படுத்த கட்டிலில்தான் அவளும் படுத்தாள். மதியத் தூக்கத்தில், பக்கத்தில் யாரோ புரள இடமில்லாமல் முனகுவது கேட்கும். திரும்பிப் பார்க்கத் தைரியம் வராது. தாயில்லாப் பெண், பிரசவத்துக்குப் போக வேறு வீடும் இல்லை. தானும் அவளைப் போலவே போய்விடுவோம் என்ற பயம் சோறு தண்ணீர் இறங்கவிடாமல் செய்தது.

திருவண்ணாமலையில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் அவளுக்கு வரவேற்பு வேலை. அங்கே மொட்டைமாடியில் எகிப்துக்காரி நாதியா வெள்ளைக்காரப் பெண்களுக்கு பெல்லி டான்ஸ் சொல்லிக் கொடுத்தாள். காலையில் கண்ணை மூடித் தியானம் செய்தவர்கள், சாயங்காலம் காசு தைத்த துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு வயிற்றைக் குலுக்குவதைப் பார்த்து ஆர்த்தி வாயைப் பொத்திச் சிரித்திருக்கிறாள். ஒருநாள் நாதியா அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு அருகில் உட்கார்ந்தாள். இந்த மினுமினுப்பெல்லாம் கெய்ரோ கிளப்புகளும் சினிமாவும் மாட்டிவிட்டவை என்றாள். முன்பெல்லாம் கல்யாண வீட்டில் பெண்கள் பெண்களுக்காக ஆடியதுதான். அதற்கும் முன்னால் எப்படி என்பது யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது, ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பிரசவ வலியில் இருப்பவளைச் சுற்றி நின்று மற்றப் பெண்கள் இடுப்பைச் சுழற்றுவார்களாம். பார்க்கப் பார்க்க அவள் உடம்பும் கூடவே சுழன்று, பிள்ளை வழி கண்டுபிடிக்குமாம். நாதியாவுக்குப் பிடித்த கதை அது. ஆடுகிறவளுக்காக அல்ல, வலிக்கிறவளுக்காக ஆடுவது என்றாள்.

ஆர்த்திக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

பிரசவ விடுப்பு சொல்லிவிட்டுத் திரும்பிய நாளில், அவள் வழக்கமான இடத்தில் இறங்கவில்லை. வீட்டு நிறுத்தத்தில் இறங்கி நேராகக் கல்லிடம் போனாள். டம்ளர்களைத் தள்ளிவிட்டுப் பலகைக்கல்லில் இரண்டு கைகளையும் ஊன்றினாள். வெயில் தாழ்ந்தும் கல் சுட்டது. மாடியில் பார்த்தபடி இடுப்பை மெதுவாகச் சுழற்றினாள். முதலில் வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு கல்லுக்கு அந்தப் பக்கம், யாரோ பல்லைக் கடித்து மூச்சு விடுவது கேட்டது. கட்டிலில் கேட்ட அதே முனகல். இந்த முறை அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"என்னப் பாத்துக்கினே நீயும் சுத்துக்கா," என்றாள்.

வீட்டு வாசலிலிருந்து பார்த்துவிட்ட திரௌபதி ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உன்னையும் இட்டுக்கினு பூடுவாடி. வா."

"அவளுக்கு இன்னும் முடியல அத்த."

திரௌபதியின் பிடி தளர்ந்தது. கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுந்து நின்னுக்கறேன், எழுந்து நின்னுக்கறேன்னு வலியில கத்துனா அன்னிக்கு. யாரும் வுடல."

பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூச்சு கேட்ட பக்கமாகப் போய் நின்றாள். ஆர்த்தியின் கைகளுக்கு எதிரே தன் கைகளை ஊன்றினாள். களை பறித்தே இறுகிப்போன இடுப்பு அசைய மறுத்தது. கண்களை மூடிக்கொண்டு மறுபடி முயன்றாள். இரண்டு பேரும் ஒரே சுற்றுக்கு வந்தபோது, கைகளுக்கு அடியில் பலகைக்கல் லேசாக அசைந்து கொடுத்தது.