அம்மா நிறுத்திய மின்விசிறி

1

இந்தக் கதை என் இடது கையில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர்ப் பாத்திரம் நழுவி, மணிக்கட்டு வரைக்கும் கொட்டிக்கொண்டேன். என் கவனக்குறைவுதான், யார் தலையிலும் பழியைப் போட வழியில்லை. தீக்காயப் பிரிவில் ஒன்பது நாள் கட்டு மாற்றினார்கள். மாற்றிய செவிலி ஐம்பதை நெருங்குகிறவர், அளந்து பேசுகிறவர். ஏழாவது நாள் பழைய கட்டைப் பிரிக்கும்போது, பல்லைக் கடித்துக்கொண்டு "நரகம்" என்று முனகினேன். சும்மா வாயில் வந்த சொல். அவர் கை ஒரு கணம் நின்றது. தன் அண்ணன் செத்ததிலிருந்து தங்கள் அம்மா மின்விசிறி போட விடுவதில்லை என்றார். அப்புறம் மருந்து தடவி, புதுக் கட்டுப் போட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

எனக்குக் கிடைத்தது அந்த ஒரே வாக்கியம். அதன் அர்த்தம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிவிட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. மகன் நெருப்பில் இருக்கிறான் என்று அந்த அம்மா நினைக்கிறாள். அவன் அங்கே வெந்துகொண்டிருக்கும்போது தனக்கெதற்குக் காற்று என்று நினைக்கிறாள். எழுந்துபோய் என் மின்விசிறியை நிறுத்தினேன். ஆறு நிமிடம் தாங்கினேன். பிறகு போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

மீதியெல்லாம் என் கற்பனை.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: "அண்ணன் கடவுளை நம்பாதவன், ஆனாலும் தங்கமான மனிதன், தன் சாப்பாட்டை அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடப்ப—"

அடித்துவிட்டேன். இது உங்களுக்கு லஞ்சம் கொடுக்கிற வேலை. அவனைப் புனிதனாக்கிவிட்டால், ஐயோ பாவம், இவனைப் போய் எரிக்கலாமா என்று நீங்கள் சுலபமாகக் கண்ணீர் விட்டுவிடுவீர்கள். என் கேள்வி நல்லவனைப் பற்றியது இல்லை. ஆகவே அண்ணனை நம்மைப் போல ஆக்கினேன். புகைபிடிப்பான். சட்டென்று கோபப்படுவான். இரவல் வாங்கிய திருப்புளியைத் திருப்பிக் கொடுத்த சரித்திரம் இல்லை.

இரண்டாவது தொடக்கம்: "போதகரின் மூன்று மோதிரங்களும் மின்ன, அவர் தொந்தியைத் தடவிக்கொண்டு—"

இதையும் அடித்தேன். அயோக்கியன் ஒருவனைப் போதகராக்கி அவனை வெளுத்து வாங்குவது சின்னப்பிள்ளைத்தனம். என் போதகர் ஒல்லியானவர், வருடத்துக்கு மூன்று தடவை ரத்ததானம் செய்கிறவர். அம்மாவுக்குக் கால் முறிந்தபோது தினமும் வந்து பார்த்தவர். இப்படிப்பட்டவர் வாயிலிருந்து அந்த நரகம் என்ற வார்த்தை வருகிறதே, என் கோபமெல்லாம் அதில்தான்.

(நேரில் நான் மரியாதையாக "அவர்" என்று சொல்லும் செவிலி, இனிமேல் கதைக்குள் "அவள்". வார்டிலும் அவளை சிஸ்டர் என்பார்கள், சபையிலும் சிஸ்டர் என்பார்கள். நான் தங்கை என்கிறேன்.)

3

அண்ணனுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மாவோடு இருந்தான். தங்கை இரண்டு தெரு தள்ளி. ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவைத் தன் வண்டியில் ஆலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போவான். அம்மா உள்ளே போனதும் சுவரோர நிழலில் நின்று செய்தித்தாள் படிப்பான். பதினேழு வருடம் இப்படி. போதகர் ஒருநாள் அவன் தோளில் கைபோட்டு, செத்தபிறகு எங்கே போவதாக உத்தேசம் என்று கேட்டார்.

"மேல போறதும் கீழ போறதும்தான் ஐயா என் பொழப்பே. எங்கயும் தங்குறதில்ல," என்றான். போதகரே சிரித்துவிட்டார்.

அவன் வீம்புக்கு நம்பாமல் இருந்தவன் இல்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அம்மா அழுது கேட்டாள் என்பதற்காக ஒரு வருடம் முழுக்க உள்ளே போய் உட்கார்ந்தான். பாடினான், முழங்கால் போட்டான், கண்ணை மூடினான். வருடக் கடைசியில் அம்மாவிடம் வந்து நின்றான்.

"வரலம்மா. நம்புற மாதிரி நடிக்க வருது. நம்ப வரல. நடிச்சா போதுமா?"

போதாது என்று அம்மாதான் சொன்னாள். அவளும் பொய் சொல்லத் தெரியாதவள். அடுத்த ஞாயிறு அவன் மறுபடி சுவரோரம் போய் நின்றுகொண்டான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும்போது ஒரு காலில் ஷூவும் மறுகால் வெறுங்காலுமாக நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டான். மாரடைப்பு.

மூன்றாம் நாள் போதகர் வீட்டுக்கு வந்து ஜெபித்தார். ஆறுதல் சொன்னார். சொந்தபந்தம் நிறைய இருந்ததால் நாலு வார்த்தை பேசினார். இந்த வீட்டில் ஒருவர் தவறவிட்ட வாய்ப்பை நீங்களும் தவறவிட்டுவிடாதீர்கள், முடிவில்லாத அக்கினி விளையாட்டல்ல என்றார். குரலில் நிஜமான கவலை இருந்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கியதும் அம்மா எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து, கதவோரம் இருந்த சுவிட்சை அணைத்தாள்.

4

கோடைக்காலம் என்று எழுதிக்கொள்ளுங்கள். கான்கிரீட் கூரை, மேற்குப் பார்த்த ஜன்னல். எழுபத்தெட்டு வயது உடம்பு. கழுத்தெல்லாம் வியர்க்குரு. இரண்டு மாதத்தில் இரண்டு தடவை மயங்கி விழுந்தாள். மூன்றாவது தடவை எப்படி முடியும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் தங்கையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தங்கை கெஞ்சினாள், கத்தினாள், அம்மா தூங்கும்போது போட்டுவிட்டாள். அம்மா விழித்து நிறுத்தினாள்.

"அவன் அங்க அப்படிக் கெடக்குறப்ப எனக்கு எதுக்குடி காத்து?"

நெருப்பு என்றால் என்ன என்று அந்தச் சபையிலேயே தெரிந்த ஒரே ஆள் தங்கைதான். இருபத்தாறு வருடமாகத் தீக்காயம் பார்க்கிறாள். முதல் நாள் வலி, மூன்றாம் நாள் வலி, தோல் உரிக்கிற நாள் வலி, எல்லாம் தனித்தனியாகத் தெரியும். ஒரு தடவை, மனைவிமேல் நெருப்பு வைத்துத் தானும் வெந்துபோன ஒருவனைக் கொண்டுவந்தார்கள். மனைவி பிழைக்கவில்லை. வார்டில் அத்தனை பேருக்கும் அவனைப் பார்க்கவே கூசியது. ஆனாலும் மணிக்கு மணி வலி ஊசி போட்டார்கள். வலிக்கிறதா என்றுதான் கேட்டார்கள், எதற்காக வந்தாய் என்று கேட்கவில்லை.

[இங்கே ஒரு வார்த்தை. கிறிஸ்தவத்துக்குள்ளேயே எல்லாரும் ஒரே மாதிரி படிக்கவில்லை. நெருப்பு அழித்துவிடும், சாகாமல் வைத்து வாட்டாது என்கிறவர்கள் உண்டு. கடைசியில் ஒருவர் விடாமல் மீட்கப்படுவார்கள் என்று நம்பியவர்கள் பழங்காலத்திலேயே இருந்தார்கள். அது இடமே அல்ல, கடவுளை விட்டு விலகியிருக்கும் நிலை என்கிறவர்களும் உண்டு. இதெல்லாம் வேதாகமக் கல்லூரியில் போதகர் படித்ததுதான். அம்மா காதுக்கு ஒன்றுகூட வந்து சேரவில்லை.]

5

போதகர் புதன்கிழமை மதியம் வார்டுக்கு ஜெபிக்க வருவார். வாசலில் நின்று எல்லாருக்குமாகச் சேர்த்து ஜெபித்துவிட்டுப் போவார். அந்தப் புதன்கிழமை தங்கை அவரை உள்ளே கூப்பிட்டாள். பாய்லர் வெடித்து வந்த ஒரு தொழிலாளிக்குக் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை, வருகிறீர்களா என்றாள். போதகர் மறுக்கவில்லை. நான்கு நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது நிமிடம் பார்க்க முடியாமல் கையை விட்டுவிட்டு வெளியே போய்விட்டார். வேறொரு செவிலி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

தங்கை வேலையை முடித்துவிட்டு, வராந்தா பெஞ்சில் இருந்தவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இவரைப் பழிவாங்கத்தான் உள்ளே கூப்பிட்டாளா? முதல் வரைவில் ஆமாம். இப்போது எனக்கே தெரியவில்லை. அந்தத் தொழிலாளிக்கு நிஜமாகவே ஒரு கை தேவைப்பட்டது.

"முக்கால் மணி நேரம் ஆச்சு ஐயா இவருக்கு. ஊசி போட்டுத்தான் பண்ணோம். எங்க அண்ணனுக்கு எவ்வளவு நேரம்?"

போதகர் தெரிந்ததைச் சொன்னார். அளவற்றவருக்கு எதிரான பாவத்துக்குத் தண்டனையும் அளவற்றது. கடவுள் யாரையும் தள்ளுவதில்லை, மனிதன்தான் தேர்ந்தெடுக்கிறான். தீர்ப்பே இல்லையென்றால், மனைவியைக் கொளுத்தினவனுக்கு என்ன பதில்? அந்தச் செத்துப்போன பெண்ணுக்கு நியாயம் வேண்டாமா?

கடைசிக் கேள்வி தங்கையைத் தொட்டது. அந்தப் பெண்ணின் முகத்தை அவள் இன்னும் மறக்கவில்லை.

"வேணும் ஐயா. தண்டனை இருக்கட்டும். ஆனா ஒருநாள் முடியணும்ல? முடியாதுன்னா அது எதைத் திருத்துறதுக்கு? அப்புறம், எங்க அண்ணன் யாரைக் கொளுத்துனான்? ஒரு வருஷம் உக்காந்து பாத்தான், வரலன்னு உண்மையச் சொன்னான். நடிச்சிருந்தா தப்பிச்சிருப்பானா?"

போதகர் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிகத் தணிந்த குரலில் சொன்னார்.

"எனக்கும் தெரியல, சிஸ்டர். ரொம்ப நாளாவே தெரியல."

"இதையே எங்க அம்மாகிட்ட வந்து சொல்லுங்க."

அது முடியாது என்றார். தனக்குத் தெரியாது என்று போதகனே சொன்னால் சபை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார்.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் தலைக்கேறி இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப்போட்டேன். கிழித்ததில் தப்பியது இது: தெரியாததைத் தெரியாது என்று சொன்னவன் அண்ணன். அவனுக்கு நெருப்பு. தெரியாததைத் தெரியும் என்று மேடையேறிச் சொன்னவருக்கு ஆறுதல் வேலை. இதற்குப் பெயர் நீதியா? ஒரு கிழவி அடுப்புச் சூட்டில் உட்கார்ந்து செத்துக்கொண்டிருக்கிறாள், சபை ஆடிப்போய்விடுமாம்! ஆடட்டுமே. ஒரு தாயின் தலையில் நெருப்பை அள்ளிவைத்துத்தான் நிற்கும் என்றால் அது என்ன—

[பாதியில் நிறுத்திக்கொள்கிறேன். கத்துகிறேன் என்று எனக்கே தெரிகிறது.]

6

இதற்கிடையில் எனக்கு ஒரு சங்கடம் வந்தது. யோசித்துப் பார்த்தால், அண்ணனைப் படைத்தது நான். அவனோ என்னை நம்பவில்லை. நம்புவது இருக்கட்டும், நான் ஒருவன் இருப்பதே அவனுக்குத் தெரியாது. பதினேழு வருடம் சுவரோரம் நின்றானே, ஒரு தடவையாவது நான் பக்கத்தில் போய், "தம்பி, உன்னை எழுதுகிறவன் நான்தான்" என்று சொன்னேனா? இல்லை. அப்படியிருக்க, நம்பாததற்காக அவனைத் தண்டிக்க எனக்கு உரிமை உண்டா? உண்டு என்றே வைத்துக்கொள்வோம். தாள் என்னுடையது, பேனா என்னுடையது, கேட்க யார் இருக்கிறார்கள்.

எழுதிப் பார்த்தேன். அவனை அந்த நெருப்பில் நிறுத்தி ஒரு பக்கம், அதுவும் ஒரே ஒரு பக்கம், எழுதலாம் என்று உட்கார்ந்தேன். "அவன் கையைத் தூக்கினான், விரல்க—" அதற்குமேல் ஓடவில்லை. என் இடது கை தானாக மடியில் ஒளிந்துகொண்டது. இத்தனைக்கும் நான் ஒன்றும் கருணைக்கடல் இல்லை. எதிர்வீட்டு நாய் குரைத்தாலே சபிக்கிறவன். அப்பேர்ப்பட்ட எனக்கே ஒரு பக்கம் மனசு வரவில்லை. அன்பே உருவானவர் என்று யாரைச் சொல்கிறார்களோ, அவருக்கு வரும் என்று சொல்ல இவர்களுக்கு எப்படி வாய் வருகிறது?

7

போதகர் வந்தார். இதை நான் வற்புறுத்தவில்லை. தங்கை கேட்டு ஒன்பது நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, அவராகவே படியேறி வந்துவிட்டார். மின்விசிறி ஓடாத அந்த அறையில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தங்கை சுவரில் சாய்ந்து நின்றாள்.

அவர் எதையோ சொல்ல ஆரம்பிக்குமுன் அம்மா முந்திக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கணும் ஐயா. நம்பாதவங்களத்தான அங்க அனுப்புறாங்க? நானும் ரெண்டு மாசமா நம்பாம இருந்து பாக்குறேன். முடியல. காலையில முழிச்சதும் வாய் தானா ஜெபம் பண்ணிடுது. நம்பாம இருக்கறது எப்படின்னு எனக்குச் சொல்லிக் குடுங்க. நான் என் புள்ளகிட்ட போகணும்."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். அவனுக்கு நம்ப வரவில்லை, இவளுக்கு நம்பாமல் இருக்க வரவில்லை. இதைத் தேர்ந்தெடுப்பது என்கிறார்கள்.

போதகர் அம்மாவின் கையைப் பிடித்தார். வாயைத் திறந்தார்.

8

மூன்று முடிவு எழுதினேன். ஒன்றில் அவர் தெரியாது என்கிறார், அம்மா அழுதுவிட்டுத் தண்ணீர் கேட்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அவருக்காக நான் பேசுவது போல இருக்கிறது. இரண்டாவதில் அவர் வழக்கம்போல் ஜெபம் பண்ணிவிட்டுப் போய்விடுகிறார். அதை எழுதிய அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாவதில் அம்மாவுக்கு மூன்றாவது மயக்கம் வரு—

மூன்றையும் எடுத்துவிட்டேன். கதையை எழுதினேன் என்பதற்காக எல்லாவற்றுக்கும் நானே தீர்ப்பளிக்க வேண்டுமா என்ன? அந்த மாதிரி ஆசாமிகள்மேல்தானே இத்தனை கோபம்.

அந்த அறையில் இன்னொரு நாற்காலி இருக்கிறது. சொல்லாமல் விட்டுவிட்டேன். கதவோரம் போட்டிருக்கிறது, இவ்வளவு நேரமும் அதில் நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். சுவிட்ச் உங்கள் தோளுக்குச் சற்று மேலே. நீங்கள் நம்புகிறவரா நம்பாதவரா என்று நான் கேட்கப்போவதில்லை. போதகர் வாய் இன்னும் திறந்தபடியே இருக்கிறது. அவருக்காகக் காத்திருப்பதானாலும் சரி, எழுந்து மின்விசிறியைப் போடுவதானாலும் சரி, உங்கள் இஷ்டம்.

ஆனால் ஒன்று. நீங்கள் போட்டால் அம்மா திரும்பிப் பார்த்து, "ஏன் போட்டீங்க?" என்று கேட்பாள். வெக்கையாக இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அவளுக்கு என்ன பதில் என்று யோசித்துக்கொண்டு எழுந்திருங்கள்.