காய்ந்த பிறகு ஒட்டவும்

அஸ்தினாபுரம் வீட்டில் ஸ்ரீவத்சன் இரண்டு வருஷமாகக் கட்டிவந்த மரக்கப்பலுக்கு இன்னும் பாதி உடம்பு பாக்கி. ஒரு முழ நீளக் கப்பல்தான். முதுகெலும்பு போல ஓர் அடிக்கட்டை, அதில் வரிசையாக விலாச் சட்டங்கள், அவற்றின் மேல் ஐஸ் குச்சி அகலத்தில் மெல்லிய பலகைகள். ஒரு பலகை ஒட்டினால் நாலு நாள் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஐந்தாம் நாள் பிரித்துவிடுவார்.

அதே மாதிரிக் கப்பலை அவருடைய மைத்துனன் அச்சுதன் சித்திரையில் ஆரம்பித்தான். ஆவணியில் அவரை எட்டிப் பிடித்துவிட்டான்.

"இந்த வருஷம் கொலுல பார்க் கெடையாது, ஹார்பர்தான்," என்று அறிவித்தாள் மனைவி காமு. கடலுக்கு நீலத் தாள்கூட வாங்கியாயிற்று. "ஒங்க கப்பலோ என் தம்பி கப்பலோ, எது மொதல்ல முடியறதோ அது நடுவுல நிக்கும்."

"என்ன, போட்டியா?"

"போட்டின்னா அவன் எப்பவோ ஜெயிச்சிருப்பான்."

சிரித்துக்கொண்டே சொன்னதுதான். அன்றைக்கு ரசத்தில் உப்பில்லாததுகூட அவருக்குத் தெரியவில்லை.

அச்சுதன் மேற்குத் தாம்பரத்திலிருந்து தினமும் போன் செய்து சந்தேகம் கேட்பான். சொல்லிக்கொடுப்பது அவருக்குப் பிடிக்கும், அதுதான் சங்கடம். இடது பக்கம் ஒரு பலகை ஒட்டினால் அடுத்தது வலது பக்கம். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டு போனால் பலகைகள் இழுத்து, அடிக்கட்டை வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். பசையைச் சொட்டுச் சொட்டாக விடாமல் பல்குத்தும் குச்சி நுனியால் தடவ வேண்டும். எல்லாம் சொன்னார். அவனும் அப்படியே செய்து ஃபேமிலி குரூப்பில் படம் போட்டான். காமு ஒவ்வொன்றுக்கும் மூன்று இதயம் போட்டாள். அவருடைய கப்பலுக்கு இதுவரை கிடைத்தது ஒரே ஒரு கட்டைவிரல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது. "அத்திம்பேர், மூக்குப் பக்கம் வளைக்கறச்சே படக்குனு ஒடையறது. மூணு பலகை போச்சு."

கப்பலிலேயே கஷ்டமான இடம் அதுதான். நேராக ஓடிவந்த பலகை அங்கே வளையவும் வேண்டும், கூடவே முறுக்கிக்கொள்ளவும் வேண்டும்.

"வெந்நீர்ல இருபது நிமிஷம் ஊற வை. சொன்னபடி கேக்கும். வளைச்சு..." ஸ்ரீவத்சன் ஒரு நொடி நின்றார். "வளைச்சு ஒட்டிடு."

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

அவ்வளவு இல்லை. ஊறிய மரம் உப்பியிருக்கும். வளைத்த இடத்திலேயே கிளிப் போட்டு, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, அது சுருங்கி முடித்த பிறகுதான் ஒட்ட வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் ஒட்டிய பிறகு சுருங்கும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே சந்து விழும். அவருடைய முதல் கப்பல் அப்படித்தான் பரணுக்குப் போனது. ‘காய்ந்ததும்’ என்கிற ஒரு வார்த்தை. அதை மட்டும் விழுங்கிவிட்டார்.

நவராத்திரிக்கு நாலு நாள் இருக்கும்போது அச்சுதன் ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே ஒரு மிக்ஸி அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு வந்தான். பாய்மரம், கயிறு எல்லாம் முடிந்த கப்பல். மூக்கில் மட்டும் சீப்புப் பல் மாதிரி சந்துகள்.

"ஒட்டினன்னிக்குக் கச்சிதமா இருந்தது. என் கைதான் சரியில்ல போல இருக்கு. பாதியானாலும் ஒங்களோடதையே வெச்சுடுங்கோ, அத்திம்பேர்."

ஸ்ரீவத்சனுக்கு உள்ளே பாயசம் குடித்த மாதிரி இருந்தது. "முதல் தடவை அப்படித்தான் ஆகும்," என்றார் பெருந்தன்மையாக.

காமு கப்பலை வாங்கி விரலால் தடவினாள். "காயவெச்சியாடா?"

"எதை?"

"பலகையை. இவர் ஊறவெச்சதை என் சப்பாத்திக் குழவியில வளைச்சு, துணி கிளிப்பைப் போட்டு, நாள் முழுக்க மாடியில வெச்சுடுவாரே. அன்னிக்கெல்லாம் நம்மாத்துல தோசைதான்."

அச்சுதன் அவரைப் பார்த்தான். கோபமில்லை, புரியாத பார்வை.

"சொல்ல மறந்துட்டேன்," என்றார்.

"நீங்களா? கல்யாணத்துல காபி ஆறிப்போச்சுங்கறதை இருபத்தாறு வருஷமா மறக்காதவர்."

ஸ்ரீவத்சன் தன் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மறக்கல. சொல்லல."

அவர் எழுந்து போய், தன் கப்பலுக்கென்று எடுத்துவைத்திருந்த பலகைகளில் இரண்டைக் கொண்டுவந்து உப்புத்தாளில் தேய்க்க ஆரம்பித்தார். அதே மரத்தின் தூளாக இருந்தால்தான் நிறம் சேரும். தூளைப் பசையில் குழைத்துச் சந்தில் அழுத்திக்கொண்டே, "நாளைக்குத் தேய்ச்சு வழவழன்னு ஆக்கணும். காய்ஞ்ச பிறகு," என்றார். அச்சுதன் மெதுவாகச் சிரித்தான்.

கொலுவுக்கு வந்த எதிர்வீட்டு அபிதகுஜாம்பாள் மாமி கப்பல்முன் குனிந்தாள். "பலகைக்கு நடுவுல கோடு கோடா, நெஜக் கப்பல் மாதிரியே இருக்கே. யார் கைவேலை?"

"கப்பல் என்னோடது மாமி. சந்தெல்லாம் அடைச்சது அத்திம்பேர்," என்றான் அச்சுதன்.

சுண்டல் கிண்ணத்தை நீட்டியபடி காமு சொன்னாள், "சந்து விட்டதும் அவர்தான்."

"அடேயப்பா, ரெண்டுமா?" என்றாள் மாமி.

ஸ்ரீவத்சன் பாய்மரத்துக் கயிறுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது முடிச்சாவது இருக்கும், ஒன்றுகூடத் தளரவில்லை. வயிறு இன்னும் எரியத்தான் செய்தது. மாமி நகர்ந்ததும் மைத்துனன் பக்கம் சாய்ந்தார்.

"அந்த முடிச்சு எப்படிடா போட்டே? முழுசா சொல்லு."